ஆள் ரொம்பினாத்தான் எடுப்பேன்

உள்ள தள்ளி உக்காரும்மா. அந்தப் பெரியவரு கால நீட்டிக்கினு கீறாரு பாரு, தட்டி வுடு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. யோவ் பெரியவரே, கால மடக்கு! ஆங், அப்படி. நீ இந்த ஓரமா வந்துடு, காத்து வரும். இன்னும் கொஞ்சம் பேர் ஏறணும், ஏறினதும் கெளம்பிடலாம். ஆள் ரொம்பினாத்தான் எடுப்பேன். இந்த ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுல அதான் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்.

கழுத்துல இன்னாது, அட்டை தொங்குது? பெரியாஸ்பத்திரியா? அடடே, மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம், நான் பாட்டுக்கு வா போன்னு பேசிக்கினு கீறேன். ஓ, நீங்கதானா அது? காலைலேர்ந்து வூடு வூடா ஏறி எறங்கி, எவனுக்குச் சக்கரை கீது, எவ மாத்திரை முழுங்கறான்னு கேட்டுக்கினு வர்றது நீங்கதானா? என் பொண்டாட்டி சொன்னா. நம்ம வூட்டுக்கும் வந்தீங்களாமே. நான்தான் ஸ்டாண்டுத் தலைவரு. கோதண்டம்னு கேட்டா இந்தக் காலனி பூரா தெரியும்.

இன்னா கேட்டீங்க? காலுல புண்ணு வெச்சிக்கினு கீறவங்க கட்டு மாத்த ஏன் ஒழுங்கா வர மாட்டேங்குறாங்கன்னா?

இதுக்குப் போயா இத்தினி மாடி ஏறி எறங்கினீங்க? என்னை வந்து கேட்டிருந்தா ஒரே வார்த்தைல சொல்லியிருப்பேனே. திமிரு. அவ்ளோதான். எழுதிக்கோங்க. இந்த ஜனத்துக்கு ஒடம்பு மேல அக்கறை கெடையாது மேடம். நானும் இதே ஜனம்தான், அதனாலதான் தைரியமா சொல்றேன். வெளியாளு சொன்னா அடிக்க வருவாங்க.

முன்ன ஆத்தோரமா குடிசை போட்டுக்கினு இருந்தோம் எல்லாரும். சிட்டிக்குள்ளயே. அங்க இருக்கசொல்லோ பெரியாஸ்பத்திரி நாலு தெரு தள்ளி. தலைவலின்னாக்கூட லுங்கியோட நடந்து போயி சீட்டு வாங்கி, ஊசி போட்டுக்கினு, வரசொல்லோ டீயும் குடிச்சிட்டு வருவானுங்க. எனக்குச் சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்துது. எங்க அக்கா என்னை இடுப்புல வெச்சிக்கினு தெனம் நடந்தே போவா. அங்கதான் கெட்டுச்சு. சொகுசு பழகிடுச்சு. அப்பால குடிசையைப் பிரிச்சுப் போட்டு, லாரில ஏத்தி, இங்க கொண்டாந்து மாடி வூடு குடுத்தாங்க. குடுத்தா சந்தோஷமா இருப்பானா? ஆஸ்பத்திரி தூரமா கீதுன்னு அழுவுறான். மாடி வூடும் வேணுமாம், ஆஸ்பத்திரியும் வாசல்லயே வேணுமாம். பங்களால கீறவன் வூட்டு வாசல்லயே ஆஸ்பத்திரி கெடையாது, இவனுக்கு இன்னா?

ஏ, ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி! வாம்மா, ஒரு ஆள் உக்காரலாம்! போறா பாரு. கையில கொழந்தைய வெச்சிக்கினு மெயின்ரோடு வரைக்கும் நடந்தே போவாளாம், ஆட்டோல ஏற மாட்டாளாம். கொழந்தைக்கு ஜொரம் போல, தோள்ல தொங்குது. இந்த வெயில்ல இட்டுக்கினு போனா ஜொரம் ஏறாம இன்னா பண்ணும்? இதத்தான் சொல்றேன். அறிவு கெடையாது.

பஸ்ஸா? கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. பஸ் இருந்துச்சு மேடம். நான் இல்லேன்னு சொல்லலியே. உள்ள வரைக்கும் வரும். அதோ, அந்த நீலக் கலரு பிளாக் தெரியுதா, அது வாசல்ல ஒரு கம்பி நட்டு வெச்சிக்கீதே, அங்கதான் நிக்கும். பொம்பளைங்களுக்கு ஓசி. ஓசின்னா இந்த ஜனம் இன்னா வேணா பண்ணும். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகும்! சிரிக்காதீங்க, நெஜமாத்தான். ஒரு இருமல் வந்தா பஸ் ஏறிடுவாளுங்க. கர்ப்பமா கீறவ மாசாமாசம் ஏறுவா. கெழவிங்க சக்கரை மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கினு, சீவி முடிச்சி, பூ வெச்சிக்கினு ஏறுவாளுங்க, இன்னாமோ கல்யாணத்துக்குப் போற மாதிரி. காலைல அந்தப் பஸ்ஸைப் பார்க்கணுமே, முக்கால்வாசி சீக்காளிங்கதான். எங்க வண்டிங்க எல்லாம் இங்க ஈ ஓட்டிக்கினு நிக்கும்.

வுடுவேனா? எல்லா டிரைவரையும் கூட்டினேன். ரோட்டுல உக்காந்தோம். பஸ்ஸுக்கு முன்னாடி மொதல்ல படுத்தவன் நான்தான். ஆபீசருங்க வந்தாங்க. உள்ள ரோடு குறுகல், பஸ்ஸு திரும்பசொல்லோ கொழந்தைங்க மேல ஏறிடும்னு சொன்னேன். ஏறிச்சான்னு ஒரு ஆபீசரு கேட்டாரு. ஏறினப்புறம் வந்து கேக்கப் போறீங்களான்னேன். பஸ்ஸு மெயின்ரோட்டோட போயிடணும்னு ஆர்டர் ஆச்சு. அன்னிக்கு எனக்கு மாலை போட்டானுங்க மேடம். ஆளுயர மாலை. வூட்டுல போட்டோ கீது, பார்த்திருப்பீங்களே.

ஜனத்துக்கு நல்லதுதான பண்ணேன்? பஸ்ஸு ஒரு எடத்துல நிக்கும். நம்ம வண்டி எந்த பிளாக்குன்னு சொன்னாலும் வாசல்லயே எறக்கும்.

என்ன பெரியவரே? எடுக்கறேன், எடுக்கறேன். மூச்சு வாங்குதுன்னா பேசாம உக்காரு, பேசினா இன்னும் வாங்கும்.

திமிருன்னு சொன்னேனே, ஆதாரம் வேணுமா உங்களுக்கு? வேற எங்கயும் போக வேணாம். எங்க அக்காவையே எடுத்துக்கோங்க. சம்பூர்ணம்னு பேரு. மூணாவது மாடி. நீங்க போயிருப்பீங்க, கதவத் தொறந்திருக்க மாட்டா.

அவ மார்க்கெட்டுல மீன் கழுவுற வேலை. சக்கரை ரொம்ப நாளா கீது. ஒரு நாளு கீழ குப்பைத்தொட்டி பக்கத்துல தகரமோ பாட்டிலோ எதையோ மிதிச்சிட்டா. வலது காலு. சக்கரைக்காரிக்குத்தான் காலுல உணர்ச்சி கம்மியாச்சே, வூட்டுக்கு வந்து கழுவசொல்லோதான் ரத்தத்தைப் பார்த்தாளாம். காலனிக்குள்ள கீற சின்ன ஆஸ்பத்திரில இது ஆழமா கீது, பெரியாஸ்பத்திரிக்குப் போன்னுட்டாங்க. அங்க டாக்டரு கண்டிப்பா சொல்லியனுப்பினாரு. தெனம் வந்து கட்டு மாத்திக்கினா கால் தப்பிச்சிடும், ஒரு நாளு வுட்டாலும் நான் பொறுப்பில்லன்னு. இதுக்கு மேல எவன் சொல்லுவான்? தெனம் போணுமா இல்லியா?

போனா. அத நான் மறைக்க மாட்டேன். பஸ்ஸு உள்ள வந்த வரைக்கும் தெனம் போனா. புண்ணு ஆறிக்கினே வருதுன்னு என் பொண்டாட்டி தெய்வானைகிட்ட காட்டினாளாம், சதை செவப்பா மூடிக்கினு வருதுன்னு. அந்த நேரம் பார்த்துத்தான் நம்ம போராட்டம் ஜெயிச்சுது. அப்பால இவ சோம்பேறியாயிட்டா.

ஆமா, சோம்பேறி. அப்பால இன்னான்னு சொல்றது? ஆட்டோ கீதே! மொத ஆளா வந்து உக்காந்துக்குவா. வெடியக்காலைல எவன் ஆஸ்பத்திரிக்கு வருவான்? ஆளு சேர நேரமாகும். அவ அங்க போயி எறங்கசொல்லோ கட்டு மாத்தற ரூமைப் பூட்டிட்டிருப்பாங்க. நாளைக்கு வான்னு அனுப்பிச்சிடுவாங்க. மறுநாளும் இதே கதை. என்கிட்ட வந்து, கோதண்டம், எனக்காக ஒரு தபா ரெண்டு ஆள் கொறைவா எடுக்கச் சொல்லுடான்னா. நான் எப்படிச் சொல்றது? தலைவரோட அக்காவுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? நேரத்தோட கெளம்பணும்னு புத்தி சொன்னேன். இதுக்கு மேல நேரத்தோட எப்படிடா கெளம்பறதுன்னு என்னையே திருப்பிக் கேக்கறா.

அப்பால புண்ணு நாற ஆரம்பிச்சிடுச்சு.

தப்பா நெனக்காதீங்க மேடம். நீங்க ஆஸ்பத்திரில பார்த்திருப்பீங்க, உங்களுக்குப் பழக்கம். இங்க வேலைக்குப் போற பொண்ணுங்க ஏறுதுங்க, நல்லா துணி கட்டிக்கினு வருதுங்க. ஒண்ணு துப்பட்டாவால மூக்கை மூடிச்சு. இன்னொண்ணு எறங்கிப் பின்னாடி வண்டில ஏறிக்கிச்சு. எங்க ஸ்டாண்டுல ஏசுபாதம்னு ஒரு டிரைவரு, அவன் வந்து தலையச் சொறியறான். தலைவரே, அக்கா ஏறினா மத்தவங்க எறங்குறாங்க, எனக்கு சவாரி டர்னே போவுதுன்னு. அன்னிக்கே மீட்டிங் போட்டேன். புண்ணு, சீழு, நாத்தம் கீற கேஸு எல்லாம் ஷேர்ல ஏத்தக் கூடாது, எல்லா சீட்டுக் காசும் குடுத்து தனி வண்டி ஸ்பெஷல் புடிச்சித்தான் போணும். அதோ போர்டு, படிச்சீங்களா? கீழ என் பேரு போட்டிருக்கும். பெயிண்டர் நல்லா எழுதினான்.

சட்டம் போட்ட மறுநாளே அவ வந்து உக்காந்துட்டா. என் வண்டில. இந்த சீட்டுலதான், பெரியவரு உக்காந்துக்கினு கீறாரே அங்க. எல்லா டிரைவரும் என்னையே பார்க்கறானுங்க. தலைவரு இன்னா பண்றாருன்னு. சொந்த அக்கான்னு பார்த்தேனா? பார்க்கல. எறங்குன்னேன். ஒரே வார்த்தை. கட்டு மேல பிளாஸ்டிக் கவரைச் சுத்தி, கயிறு போட்டுக் கட்டி, அதுக்கு மேல பவுடரைக் கொட்டிக்கினு வந்திருந்தா மேடம். மணக்குமாம். பவுடரு போட்டா சீழு நாத்தம் போயிடுமா? எங்கனா கேட்டிருக்கீங்களா? அந்தப் பவுடரெல்லாம் என் வண்டில கொட்டி, நான்தான் தொடச்சேன்.

எறங்கினா. கத்தியிருந்தாக்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வண்டிக் கம்பியப் புடிச்சிக்கினு நின்னு, காலுல கவரை இறுக்கிக் கட்டிக்கினு போயிட்டா. அன்னிக்கு ஏசுபாதம் எனக்கு டீ வாங்கிக் குடுத்தான். தலைவருன்னா இப்படித்தான் இருக்கணும்னான்.

ஸ்பெஷல் புடிச்சிப் போயிருக்கலாம்ல? புடிச்சா. ஒரு நாளு வுட்டு ஒரு நாளு புடிச்சா. அப்பால வாரத்துக்கு ஒரு தபா. மீன் கழுவுற வேலையும் போச்சு, புண்ணுக் காலோட மீன் கிட்ட வராதேன்னுட்டாங்க. அதுவும் நியாயந்தானே. நடுவுல ஒரு நாளு இவளே மெயின்ரோடு வரைக்கும் நடந்து போயி பஸ் புடிச்சிக்கீறா. அந்தக் காலோட! காலை ஊனக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. ஊனலாமா? நீங்களே சொல்லுங்க, படிச்சவங்க. டாக்டரு பேச்சை மதிக்கலேன்னா அதுக்குப் பேரு இன்னா? அதத்தான் நான் மொதல்லயே திமிருன்னு சொன்னேன்.

காலை எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ.

நான் போயிப் பார்த்தேன். பார்க்காம இருப்பேனா, கூடப் பொறந்தவ. டர்னை வுட்டுட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கினு போனேன். இந்த வண்டியிலயே போனேன், தனியா, ஒரே மூச்சுல போயிட்டேன், அவ்ளோ கிட்டக்க கீது ஆஸ்பத்திரி, இவ ஏதோ சீமைக்குப் போற மாதிரி தூரம் தூரம்னு சொல்லிக்கினு இருந்தா. கட்டில் பக்கத்துல நின்னு, இன்னாக்கா இப்படிப் பண்ணிக்கினேன்னு கேட்டேன். அன்பாத்தான் கேட்டேன். செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கினா. பக்கத்துக் கட்டில்காரி வந்து, தம்பி, நீங்க போயிட்டு அப்பறமா வாங்கன்றா. யாரு அவ? அவ யாரு என்னைப் போகச் சொல்ல? ஆரஞ்சை அங்கயே வெச்சிட்டு வந்துட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கும் நான் வரேன்னு சொல்லியனுப்பினேன். வேணான்னுட்டா. ஊரு ஆளுங்க வேன் புடிச்சி இட்டாந்தாங்க. லிப்ட்டு எப்பவும் போல ரிப்பேரு. பிளாஸ்டிக் சேருல உக்கார வெச்சு நாலு பேரு மூணு மாடிக்குத் தூக்கினாங்க. நான் கீழ நின்னுக்கினு இருந்தேன். ஒரு கை புடிக்கப் போனேன். சேரை எறக்குங்கன்னுட்டா. நான் கையை எடுத்தப்புறந்தான் தூக்க வுட்டா. அத்தினி ஜனத்துக்கு நடுவுல. இப்ப சொல்லுங்க, திமிரு யாருக்கு?

ஏ, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி! வாப்பா, வா, உள்ள போயி உக்காரு. பெரியவரே, கொஞ்சம் நகரு. இன்னும் ஒரே ஆளு மேடம். ஒரே ஒரு ஆளு ஏறிட்டா சிட்டாப் பறந்துடலாம்.

கட்டு மாத்தற ரூமைப் பூட்டிடுவாங்களா? நீங்கதான் அங்க வேலை செய்யறவங்களாச்சே, உங்களுக்கு இன்னா.

இப்ப எடது காலுலயும் வந்திருக்காம். குதிகால்ல. ஒரே காலால எம்பி எம்பி நடந்தா வராம இன்னா செய்யும்? தெய்வானைதான் சொன்னா. சொல்லிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கறா. நான் இன்னா கல்லா? அன்னிக்கே ஆளனுப்பினேன். ஸ்பெஷல் போட்டுத் தரேன், நானே ஓட்டிக்கினு வரேன், தம்பிங்கறதுக்காகப் பாதி ரேட்டு போதும்னு சொல்லியனுப்பினேன். எவன் குடுப்பான் பாதி ரேட்டுக்கு? தெய்வானை போயிட்டுத் திரும்பி வந்தா. இன்னா சொன்னான்னு கேட்டேன். சிரிச்சாங்கன்றா. அத்தோட இவளும் என்கிட்ட பேசறத நிறுத்திட்டா. சோறு போடறா, பேச மாட்டேங்குறா.

ஓசிலயா? மேடம், உங்களுக்கு ஸ்டாண்டு பத்தித் தெரியாது. இன்னிக்கு நான் அக்காவை ஓசில இட்டுக்கினு போனா, நாளைக்கு ஏசுபாதம் அவங்க அம்மாவை இட்டுக்கினு போவான். அப்பால ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சீக்காளி கீது. ஸ்டாண்டு எங்க இருக்கும்?

எங்க பார்க்கறீங்க? அந்தக் கம்பியா? அதான் சொன்னேனே, பழைய பஸ் ஸ்டாப்பு.

ஆமா. அவதான்.

கக்கத்துல கட்டை வெச்சிக்கினு நிக்கிறாளே, அவதான் சம்பூர்ணம். கூட நிக்கறது பக்கத்து வூட்டுப் பொண்ணு. எத்தினி நேரமா நிக்கிறான்னு எனக்கென்ன தெரியும்? பஸ்ஸே வராத எடத்துல வந்து நிக்கிறா பாருங்க. ஸ்டாண்டு இங்க கீது, வண்டி இங்க கீது, ஒரு சீட்டும் காலியாத்தான் கீது. கூப்பிடறதா? நான் எப்படிக் கூப்பிடுவேன், போர்டுல இன்னா போட்டிருக்கு? உங்களுக்கு நாத்தம் பரவாயில்லன்றீங்க, சரி. பெரியவரே, உனக்கு? உனக்கும் பரவாயில்லயா? யோவ், நீ இப்பத்தான் ஏறினே, உன்னை யாரு கேட்டா? எல்லாருக்கும் பரவாயில்லன்னா எனக்குப் பரவாயில்லயான்னு கேக்கணும்ல? இத்தினி டிரைவருங்க பார்த்துக்கினு கீறானுங்க. அதுவும் இல்லாம, நான் கூப்பிட்டு அவ வரலேன்னா? மூஞ்சைத் திருப்பிக்கினான்னா? இன்னொரு தபா எல்லார் முன்னாடியும் என்னால முடியாது மேடம். உள்ளதைச் சொல்றேன், என்னால முடியாது.

தண்ணி லாரி வருது. காலனிக்குத் தண்ணி ஊத்திட்டு, பெரியாஸ்பத்திரி வழியா காலியாத் திரும்பிப் போகும்.

நிறுத்துறான் பாருங்க. அவளுக்குத்தான் நிறுத்துறான். இதென்ன தெனமும் நடக்குதா? டிரைவர் எறங்குறான், கிளீனர் எறங்குறான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையா... ஐயோ, தூக்குற லட்சணத்தைப் பாரு. டேய், அக்குள்ல புடிடா! அவனுக்குக் கேக்கல. அசிங்கம். ஸ்டாண்டு நெறைய ஆட்டோ நிக்குது, தலைவரோட அக்கா தண்ணி லாரில ஏறிப் போறா. ஊரு யாரைத் திட்டும்? என்னைத்தான் திட்டும். அதுக்காகவே ஏறுறா மேடம், வேற ஒண்ணுக்கும் இல்ல. இந்தப் பக்கம் ஒரு தபா திரும்பினாளா பார்த்தீங்களா?

மேடம், எங்க எறங்குறீங்க? அட, ஒரே ஆளுதான் கொறையுது! நீங்க எறங்கினா ரெண்டு ஆள் ஆயிடும். லாரில எல்லாம் உங்களை மாதிரி ஆளு ஏறக் கூடாது. மேடம்! ரூம் தொறந்து வெக்கச் சொல்லப் போறீங்களா, போனைப் போட்டுச் சொல்லுங்களேன், அதுக்கு எதுக்குக் கூடவே போணும்?

போறதுன்னா போங்க. போங்க போங்க. எனக்கு இன்னா.

மேடம்! ஓரமா ஏறி உக்காருங்க, எடது பக்கம் இடிச்சிடாதீங்க. அந்தக் காலு ஒண்ணுதான் அவளுக்கு மிச்சம்.

இன்னா பெரியவரே, அப்படிப் பார்க்கறே? எடுக்கறேன்யா. ரெண்டு ஆள் வரட்டும்.